நாற்பதாவது சுற்றில் வால்நட்சத்திரம்

தராசு அந்தக் கணினி விளையாட்டுக் கம்பெனியை விட்டு வெளியேறியது ஒரு வியாழக்கிழமை, மதியம் மூன்றேகால் மணிக்கு. விளையாட்டு வெளியாக இன்னும் பதினொரு நாள் இருந்தது. ஐந்தாவது மாடியிலிருந்து லிப்டில் இறங்கியவளின் தோளில் ஒரு பை, முன்னால் ஒரு நாற்காலி. முதுகுப் பக்கம் வலை போட்ட, சக்கரம் வைத்த நாற்காலி. முதுகுவலி தாங்காமல் இரண்டு வருடத்துக்கு முன் அவளே வாங்கிப் போட்டது.

வாசலில் காவலாளி மறித்தார்.

"மேடம், நாற்காலிக்கு கேட் பாஸ்?"

"இது என் நாற்காலி."

"உங்க நாற்காலிதான் மேடம், யாரு இல்லேன்னா? உள்ள வந்தப்ப பாஸ் போட்டீங்களா?"

"உள்ள வந்தப்ப எனக்கே பாஸ் கிடையாது. அப்ப என்னையும் இங்கயே வெச்சுக்கறீங்களா?"

காவலாளி அவள் முகத்தைப் பார்த்தார். மூக்கு விடைத்திருந்தது. இன்னும் ஒரு வார்த்தை பேசினால் நாற்காலி தன் மேல் ஏறும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஒதுங்கி வழி விட்டார்.

பேருந்தில் நாற்காலியை ஏற்ற விடவில்லை. வீடு மூன்று கிலோமீட்டர். தள்ளிக்கொண்டே நடந்தாள். நடைபாதையின் ஒவ்வொரு உடைந்த கல்லுக்கும் நாற்காலி ஒரு குதி குதித்தது, ஒவ்வொரு குதிக்கும் அவள் ஒருவரைத் திட்டினாள். சிக்னலில் கால் கடுத்தபோது அதிலேயே உட்கார்ந்துகொண்டாள். பக்கத்தில் பைக்கில் வந்து நின்றவன், "என்னக்கா, ஆபீஸையே வீட்டுக்குத் தள்ளிட்டுப் போறீங்களா?" என்றான். பச்சை விழுந்தது. அவன் தப்பித்தான்.

கதவைத் திறந்தது மாமியார். முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து நான்கு மாதம், கையில் ஊன்றுகோல்.

"வேலையை விட்டுட்டியா, இல்ல நாற்காலியத் திருடிட்டு வந்துட்டியா?"

"விட்டுட்டேன் அத்தை."

"என் ஒன்பது கிரகத்துக்கு நியாயம் கிடைச்சுதா?"

"இல்ல."

"அப்ப விட்டது சரிதான். உள்ள வா, முகத்தைக் கழுவு. பார்க்கவே பயமா இருக்கு."

அந்த ஒன்பது கிரகங்களின் கதையைச் சொல்வதற்கு முன் தராசைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்போது அவளுக்கு வயது முப்பத்தாறு. படித்தது புள்ளியியல். முதல் வேலை ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில்: ஐம்பது பாக்கெட்டுக்கு ஒன்றை எடுத்து எடை போட வேண்டும், இரண்டு கிராம் குறைந்தால் உற்பத்தி வரிசையையே நிறுத்தலாம். அந்த அதிகாரம் எல்லா எடைக்காரர்களுக்கும் உண்டு, யாரும் பயன்படுத்துவதில்லை. இவள் ஒரே மாதத்தில் ஒன்பது முறை நிறுத்தினாள். மேலாளர் கையெடுத்துக் கும்பிட்டு, "வேற எங்கயாச்சும் போய் நியாயம் பாரும்மா" என்று அனுப்பிவைத்தார். தராசு என்ற பட்டப்பெயர் அங்கேதான் ஒட்டியது. பிறகு எந்த வேலைக்குப் போனாலும் அவளுக்கு முன்னால் அது போய் உட்கார்ந்திருந்தது.

விளையாட்டுக் கம்பெனியின் விளம்பரத்தில், 'தோற்றுத் தோற்றுச் சலிக்காதவர்கள் தேவை' என்று போட்டிருந்தார்கள். கணவன் கப்பலில் எஞ்சின் பார்ப்பவன், வருடத்தில் எட்டு மாதம் கடலில். வீட்டில் அவளும் மாமியாரும்தான். வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் என்பதால் விண்ணப்பித்தாள். சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, பிஸ்கட்டுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று.

அது விண்வெளியில் நடக்கும் போர்த்தந்திர விளையாட்டு. சதுரங்கம் மாதிரி சுற்றுச் சுற்றாக ஆட வேண்டும். நான்கு கூட்டங்கள், நான்கு நிறங்கள். சிவப்பு வேகமாகக் கப்பல் கட்டும், ஆனால் கப்பல் சீக்கிரம் உடையும். மஞ்சள் ஆமை, அடித்தாலும் சாகாது. நீலத்துக்குச் சண்டை பிடிக்காது, நாலைந்து செழிப்பான கிரகங்களை வைத்துக்கொண்டு வியாபாரம் செய்யும். பச்சைக்குக் கிரகமே கிடையாது, கப்பல்களிலேயே பிறந்து கப்பல்களிலேயே வாழும் நாடோடிக் கூட்டம். சம திறமை உள்ள நான்கு பேர் நூறு ஆட்டம் ஆடினால் ஆளுக்கு இருபத்தைந்து வெற்றி கிடைக்க வேண்டும். கிடைக்கிறதா என்று பார்ப்பதும், கிடைக்க வைப்பதும் தராசின் வேலை.

கேட்பதற்குச் சுலபம். சிவப்புக் கப்பலின் எரிபொருள் செலவைப் பன்னிரண்டிலிருந்து பதினொன்றாகக் குறைத்தால் மஞ்சள் படுத்துவிடும். மஞ்சளைத் தூக்கி நிறுத்தக் கவசத்தைக் கூட்டினால் நீலத்தின் வியாபாரம் நாசம். ஒரு போர்வையை நான்கு பேர் இழுக்கிற கதை. மூன்று வருடம் இழுத்தாள். காலையில் ஆட்டத்தை ஓட விட்டு, மாலையில் எண்களைப் பார்த்து, ஒரே ஒரு எண்ணை மாற்றி, மறுநாள் திரும்பவும் ஓட விட்டாள். கடைசியில் இருபத்தாறு, இருபத்தைந்து, இருபத்தைந்து, இருபத்துநான்கு என்று வந்து நின்ற அன்று, அலுவலகத்தில் யாருக்கும் அதன் அருமை புரியவில்லை. அவள் மட்டும் தனக்காக ஒரு காபி வாங்கிக் குடித்தாள்.

அதற்கடுத்த மாதம்தான் மாப்பிள்ளை வந்தார்.

முதலாளியின் மகளைக் கட்டியவர். விற்பனையைக் கவனிக்க வந்தவர். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் மாப்பிள்ளைதான், முகத்துக்கு நேரே மட்டும் சார். ஒரு மணி நேரம் ஆடிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா கணக்குப் பாடம் மாதிரி இருக்கு. ஒரு திடுக் வேணாமா?" என்றார். அவர் சொன்ன திடுக், நாற்பது விபத்துகளாக உள்ளே வந்தது. வால்நட்சத்திரம் மோதும். கொள்ளைநோய் பரவும். கிரகம் பிளக்கும். சூரியன் பொசுக்கென்று அணையும். எது, எப்போது, யார் தலையில் என்பது குலுக்கல். நிரல் எழுதியது கொட்டாவி என்ற பையன். திறமைசாலி, ஆனால் எந்தக் கூட்டத்திலும் ஐந்து நிமிடத்துக்கு மேல் அவனால் வாயை மூடி உட்கார முடியாது. அதுவும் பேசுவதற்காக அல்ல.

தராசுக்கு இரண்டு வாரம் கொடுத்தார்கள். ஓட்டிப் பார்த்தாள். எல்லாம் அழகாக இருந்தது. பதினெட்டாவது சுற்றில் ஒரு புயல் வந்து பச்சையின் கப்பல்களைக் கொஞ்சம் கலைத்தது. இருபத்தேழில் ஒரு நோய். நாற்பதில் ஒரு வால்நட்சத்திரம் பெரிய ஆரவாரத்தோடு வந்து, யாருமே இல்லாத ஒரு பாறைக் கிரகத்தில் மோதியது. பயமும் இருந்தது, யாருக்கும் பாதகமும் இல்லை. 'சரி' என்ற கட்டத்தில் குறி போட்டுக் கையெழுத்திட்டாள்.

அந்தக் கையெழுத்தை நினைத்தால் இன்றைக்கும் அவள் தலையில் அடித்துக்கொள்வாள்.

மாமியார் முழங்காலோடு வீட்டில் முடங்கிக் கிடந்தபோது, பொழுது போகட்டும் என்று ஒரு பிரதியைக் கணினியில் போட்டுக் கொடுத்தாள். விற்பனைக்குப் போகப்போகிற அதே பிரதி. மாமியார் நீலத்தை எடுத்துக்கொண்டார். "சண்டை போடறதுக்கு வீட்டுலயே ஆள் இருக்கு, இங்க வியாபாரம் பார்க்கறேன்" என்றார். ஒரே வாரத்தில் தேறிவிட்டார். மருமகள் காலையில் கிளம்பும்போது சாப்பிட்டாயா என்று கேட்பது நின்றுபோனது. மூன்றாவது வாரம் ஒரு சனிக்கிழமை காலை, அறையிலிருந்து ஊன்றுகோல் தரையில் விழும் சத்தம் கேட்டது.

"ஏண்டி! இங்க வா! உன் ஆபீஸ்காரன் என் ஊரையெல்லாம் முழுங்கிட்டான்!"

தராசு ஓடிப்போய்ப் பார்த்தாள். நாலைந்தில் தொடங்கி ஒன்பது வரை வளர்த்த கிரகங்கள். பதினோராவது சுற்று. சூரியன் அணைந்துவிட்டிருந்தது. ஒன்றுகூட மிச்சமில்லை.

"பதினொண்ணுலயா? பதினொண்ணுல எதுவும் வராதே அத்தை. பதினெட்டுலதான் முதல்ல புயல் வரும்."

"எனக்குப் புயலே வந்ததில்ல. நேத்து ஆறாவது சுற்றுல தலைநகரம் ரெண்டா பொளந்துச்சு. முந்தாநாள் நோய் வந்து எல்லாரும் செத்தாங்க. நான் என்ன பாவம் பண்ணினேன்? ஒருத்தன் சோத்துல மண்ணள்ளிப் போட்டேனா?"

"வால்நட்சத்திரம்? நாற்பதுல?"

"நாற்பது வரைக்கும் நான் எங்கடி உயிரோட இருந்தேன்?"

தராசுக்கு அப்போதுதான் சுள்ளென்று உறைத்தது.

கணினிக்குத் தானாகப் பகடை உருட்டத் தெரியாது. ஏதாவது ஒரு எண்ணிலிருந்து தொடங்கிக் கணக்குப் போட்டுக்கொண்டே போகும், அதைத்தான் நாம் குலுக்கல் என்கிறோம். ஒவ்வொரு முறையும் புது எண்ணிலிருந்து தொடங்கினால் ஒவ்வொரு முறையும் வேறு பகடை விழும். ஒரே எண்ணிலிருந்து தொடங்கினால் ஒரே பகடைதான், ஆயிரம் முறை ஆடினாலும். அலுவலகக் கணினிகள் எல்லாவற்றிலும் தொடக்க எண் ஒன்றுதான்: 4412. முதலாளியின் முதல் காரின் எண். ராசியானது. அதைப் பூட்டி வைக்கச் சொன்னது யார்? தராசுதான். மூன்று வருடத்துக்கு முன், எரிபொருளை மாற்றினால் என்ன ஆகிறது என்று பார்க்க மற்றதெல்லாம் அசையாமல் இருக்க வேண்டும் என்று அவள்தான் ஒற்றைக்காலில் நின்று கேட்டு வாங்கினாள். வெளியே போகும் பிரதியில் மட்டும் அந்தப் பூட்டு இல்லை. விபத்துகள் வந்த பிறகு அந்த எண்ணைக் கழற்ற வேண்டும் என்று அவளுக்கும் தோன்றவில்லை, வேறு எவருக்கும் தோன்றவில்லை. அந்த அலுவலகத்தில் இருபத்திரண்டு பேர் மாதக்கணக்கில் ஒரே வால்நட்சத்திரத்தைப் பார்த்து, ஆஹா, எவ்வளவு பொருத்தமாக வந்து விழுகிறது என்று மெச்சிக்கொண்டிருந்தார்கள்.

சனியும் ஞாயிறும் வீட்டுப் பிரதியில் நூறு ஆட்டம் ஓட விட்டாள். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து தாளில் கோடு போட்டார். பச்சை ஐம்பத்தொன்று. சிவப்பு இருபத்துமூன்று. மஞ்சள் பதினேழு. நீலம் ஒன்பது. விபத்துகளில் முக்கால்வாசி கிரகத்தைத்தான் தாக்கும். கிரகமே இல்லாத பச்சைக்கு என்ன கவலை? நாலைந்து கிரகத்தை நம்பி வாழும் நீலத்துக்கு ஒரு அடி விழுந்தாலே கதை முடிந்தது. எவ்வளவு நன்றாக ஆடினாலும் சரி.

"மூணு வருஷம்" என்றாள் தராசு.

"ஒன்பதுதானா என் ஆளுங்க?" என்றார் மாமியார், கோடுகளைத் திரும்ப எண்ணியபடி.

திங்கட்கிழமையே சொன்னாள். வியாழக்கிழமைதான் கூட்டம் போட்டார்கள். அன்று காலை அலுவலகத் தாழ்வாரத்தில் கொட்டாவியைப் பிடித்துக் கேட்டாள்: விபத்து வருவதற்கு மூன்று சுற்று முன்னாலேயே எச்சரிக்கை வர வைக்க எத்தனை நாள் ஆகும்? "ரெண்டு நாள் போதும்க்கா. ஒரு நாள் எழுத, ஒரு நாள் பார்க்க" என்றான் அவன். அவள் கேட்டதெல்லாம் ஒற்றைப் பக்கத்தில் அடங்கியது. மூன்று சுற்று எச்சரிக்கை. எந்த விபத்தும் ஒருவருடைய சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. முப்பதாவது சுற்றுக்கு முன் தலைநகரைத் தொடக் கூடாது.

முதலாளி தாளைப் பார்த்தார், மடித்தார், மேசையில் வைத்தார்.

"ஏம்மா, வாழ்க்கையிலயும் அப்படித்தானே? யாருக்கு எப்ப என்ன வரும்னு சொல்லிட்டா வருது?"

"வாழ்க்கைய நான் பேலன்ஸ் பண்ணல சார். இதைப் பண்ணினேன்."

"ஆட்டம்னா அதிர்ஷ்டமும் உண்டு இல்ல?"

"அதிர்ஷ்டம் இருக்கட்டும், நான் வேணாங்கல. ஆறாவது சுற்றுல தலைநகரம் பொளந்தா அது அதிர்ஷ்டமில்ல, கழுத்தறுப்பு. ஆடறவங்க அதுக்கு என்ன பண்ணணும்? கும்பிடணுமா?"

மாப்பிள்ளை சிரித்தார். "பச்சைதான் ஜெயிக்குதுன்னா எல்லாரும் பச்சைய எடுத்துக்கட்டுமே. சிம்பிள்."

"அப்ப மத்த மூணையும் எதுக்கு வெச்சிருக்கோம்? அலங்காரத்துக்கா?"

"சரி, இன்னொரு வழி. அந்த 4412தான் நல்லா இருக்குன்னு சொல்றீங்க. அதையே பூட்டி வெளியிட்டுடலாம்."

"வெளியிடலாம் சார். முதல் நாள் சாயங்காலமே எவனாவது எழுதுவான், நாற்பதாவது சுற்றுல வடக்குப் பாறையில வால்நட்சத்திரம் விழும், எல்லாரும் ஒதுங்கி நில்லுங்கன்னு. ஊரே சிரிக்கும்."

முதலாளி கொட்டாவியின் பக்கம் திரும்பினார். "நீ சொல்லுப்பா. முடியுமா?"

கொட்டாவி தன் நகத்தைப் பார்த்தான். "பதினொரு நாள்தான் இருக்கு சார்... கஷ்டம்தான்."

தராசு அவனைப் பார்த்தாள். அவன் நிமிரவில்லை.

"அதுவும் இல்லாம" என்று மாப்பிள்ளை ஒரு தாளை முன்னால் தள்ளினார், "விபத்துகள் சரின்னு குறி போட்டு நீங்கதானே கையெழுத்துப் போட்டிருக்கீங்க?"

போட்டிருந்தாள். மறுக்கவில்லை. "ஆமா, என் தப்புதான். என் தப்பை நானே வந்து சொல்றேன். திருத்துங்கன்னு சொல்றேன். வேற எதைக் கேட்டேன்?"

"அடுத்த பதிப்புல பார்ப்போம்மா."

விளையாட்டின் கடைசியில் பெயர்கள் ஓடும். அதில் 'சமநிலை' என்ற தலைப்புக்குக் கீழே இருப்பது அவள் பெயர் மட்டும்தான். முழுப் பெயர், தகப்பன் பெயரோடு.

"அப்ப என் பேரை எடுத்துடுங்க."

"பட்டியல் பூட்டியாச்சு" என்றார் மாப்பிள்ளை. "பேர் வருதுன்னா சந்தோஷப்படுவாங்க, நீங்க என்னங்க?"

"நூத்துக்கு ஐம்பத்தொண்ணு பச்சை. அதுக்குக் கீழ என் அப்பா பேரோட என் பேர். அது பொய் சார். உங்களுக்குப் பொய் சொல்லணும்னா உங்க பேரைப் போட்டுச் சொல்லிக்கோங்க."

முதலாளி நாற்காலியில் சாய்ந்தார். "இவ்ளோ உணர்ச்சிவசப்பட இதுல ஒண்ணுமில்ல. விளையாட்டும்மா."

அந்த ஒரு வார்த்தையில்தான் தராசு எழுந்தாள். மூன்று வருடம் எண்ணெண்ணாக இழுத்துக் கட்டியதை விளையாட்டு என்று அவர் சொன்னது தவறில்லை. விளையாட்டுத்தான். அதனால் அதில் ஏமாற்றலாம் என்று அவர் நினைத்ததுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தன் மேசைக்குப் போனாள், பையை எடுத்தாள், நாற்காலியைத் தள்ளினாள். நாற்காலி காலி செய்த இடத்தில் தரையில் ஐந்து தேய்ந்த வட்டங்கள் இருந்தன.

விளையாட்டு சொன்ன நாளில் வெளியானது. முதல் வாரம் ஆஹா ஓஹோ. இரண்டாவது வாரத்தில் ஆடுகிறவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். மூன்றாவது வாரத்தில் பச்சையைத் தவிர யாரும் எதையும் எடுக்கவில்லை. நான்காவது வாரத்தில் யாரோ ஒருவன் கடைசியில் ஓடும் பெயர்களை நிறுத்தி, 'சமநிலை' என்ற இடத்தைப் படம் பிடித்துப் போட்டான். 'இந்தப் பெண்மணிக்குத் தராசு என்றால் என்னவென்று யாராவது காட்டுங்கள்' என்று எழுதியிருந்தான். அவள் பட்டப்பெயர் தெரியாமல்தான் எழுதினான். தெரிந்திருந்தால் இன்னும் கொண்டாடியிருப்பான்.

இருநூறு, முந்நூறு பேர் வரிசையில் வந்து திட்டினார்கள். தராசு அந்தப் பக்கம் போவதையே நிறுத்தினாள். மாமியார் நிறுத்தவில்லை. ஒவ்வொன்றையும் உரக்கப் படித்து, ஒவ்வொருவனுக்கும் பதில் எழுதினார்.

"இவன் உன்னைக் கணக்குத் தெரியாதவங்கறான். என்ன எழுதட்டும்?"

"எதுவும் எழுதாதீங்க அத்தை. விடுங்க."

"விடறதா? 'தம்பி, அவ கணக்கை நான் பக்கத்துல உட்கார்ந்து கோடு போட்டவ. உன் வீட்டு விலாசத்தை அனுப்பு, தாளைத் தபால்ல அனுப்பறேன்.' போட்டுட்டேன்."

"அவங்க கோபம் நியாயம்தான் அத்தை. அதுதான் எனக்கு எரியுது. என்கிட்ட வர வேண்டிய கோபமில்ல, ஆனா கோபம் சரிதான்."

கம்பெனிக்கு இரண்டு முறை எழுதினாள், பெயரை எடுக்கச் சொல்லி. முதல் கடிதத்துக்கு, கவனிக்கிறோம் என்று பதில் வந்தது. இரண்டாவதற்கு அதுவும் இல்லை. வேலை தேடிப் போன இடத்தில் ஒருவர், "அந்தப் பச்சை விளையாட்டு நீங்க பண்ணினதா?" என்று கேட்டுச் சிரித்தார். அவள் சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள்.

ஏழு மாதம் கழித்து ஒரு பேருந்துப் பணிமனையில் நேர அட்டவணை போடும் வேலை கிடைத்தது. எந்த வண்டி, எந்த ஓட்டுநர், எத்தனை மணிக்கு. சேர்ந்த முதல் நாள் மேலாளர் சுற்றிக் காட்டினார். சுவர் ஓரமாக ஆறு பேருந்துகள் துடைத்து வைத்தது மாதிரி நின்றன.

"இது ஏன் சும்மா நிக்குது சார்?"

"சும்மா நிக்கல. உபரி."

"எதுக்கு?"

"எந்த வண்டி எப்ப படுக்கும்னு எனக்குத் தெரியாதும்மா. ஆனா தினம் ஏதோ நாலு படுக்கும்னு தெரியும். டயர் வெடிக்கும், டிரைவருக்கு ஜுரம் வரும். அதுக்காக ஸ்டாப்புல நிக்கறவங்ககிட்டப் போயி, வாழ்க்கைன்னா அப்படித்தான்னு சொல்ல முடியுமா?"

தராசுக்கு ஆத்திரம் புதிதாக மூண்டது. அவர் மேல் அல்ல. ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, ஸ்பேனர் பிடித்து மேலே வந்த இந்த மனிதருக்குத் தெரிந்தது, ஐந்தாம் மாடியில் கண்ணாடி அறையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஏன் தெரியவில்லை? வாழ்க்கை, வாழ்க்கை என்று பேசினார்களே, அதில் ஒருநாளாவது பேருந்துக்கு நின்றிருக்கிறார்களா?

வேலையை நன்றாகச் செய்தாள். உபரி ஆறிலிருந்து எட்டானது. ஓட்டுநர்கள் அவள் மேசைக்கு வந்து சண்டை போட்டார்கள், அவள் எழுந்து நின்று சண்டை போட்டாள், அவளைப் பிடித்துப்போனதால் சிலர் தினமும் வந்தார்கள். மாமியார் ஊன்றுகோலை விட்டார். நீலத்தை விடவில்லை. நூற்றுக்கு ஒன்பது என்றாலும் ஒன்பது ஒன்பதுதானே என்று பிடிவாதமாக ஆடினார். வீட்டில் அந்த விளையாட்டின் இசை கேட்டால் தராசு கதவைச் சாத்திக்கொள்வாள். பெயர் மட்டும் அங்கேயே இருந்தது. விற்ற ஒவ்வொரு பிரதியிலும், ஆடி முடித்த ஒவ்வொரு ஆட்டத்தின் கடைசியிலும், தகப்பன் பெயரோடு.

இரண்டு வருடமும் நான்கு மாதமும் போயின. ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், பதினாறாம் தடத்துக்கு உபரி வண்டி ஒன்றை அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தபோது கைபேசியில் ஒரு செய்தி வந்திருந்தது. அனுப்பியவன் எண் அவளிடம் இல்லை. வேலையை விட்ட அன்றே அழித்திருந்தாள்.

"அக்கா, நான் கொட்டாவி. கம்பெனி கை மாறிடுச்சு. புதுசா வந்தவங்க முதல் நாளே கேட்டாங்க, பச்சை ஏன் இப்படி ஜெயிக்குதுன்னு. உங்க ஒத்தைப் பக்கத்தைக் காட்டினேன். மூணு சுற்று எச்சரிக்கை போட்டாச்சு. மூணுல ஒரு பங்குக்கு மேல எதையும் எடுக்காது. முப்பதுக்கு முன்னாடி தலைநகரத்தைத் தொடாது. ரெண்டு நாள்கூட ஆகல, ஒண்ணரை நாள்தான். அன்னிக்கு நான் சொன்னது பொய். நம்பரைக் கழட்டிட்டு நானூறு ஆட்டம் ஓட்டினேன். சிவப்பு நூத்தி ஒண்ணு, நீலம் தொண்ணூத்தி எட்டு, மஞ்சள் தொண்ணூத்தி ஒன்பது, பச்சை நூத்தி ரெண்டு. பேர் பட்டியல இன்னிக்கு அஞ்சு மணிக்குப் பூட்டறோம். உங்க பேர் அதே இடத்துலதான் இருக்கு. எடுக்கச் சொல்லி எழுதியிருந்தீங்க, அப்ப யாரும் எடுக்கல. இப்ப எடுக்கற உரிமை என்கிட்ட இருக்கு. எடுக்கட்டுமா, விடட்டுமா? திட்டறதா இருந்தா திட்டிட்டுச் சொல்லுங்க."